தள்ளுபடிக்கு ஒரே காரணம்

நூலகத் தலைமை அலுவலகத்தில் தகவல் அக்கா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். பொதுமக்கள் எதைக் கேட்டு மனுப் போட்டாலும் பதில் எழுதிக் கொடுக்க வேண்டியது அவள் வேலை. சட்டம் அப்படி. ஏன் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது, கெடு தாண்டக் கூடாது, இருப்பதை இல்லை என்று சொல்லக் கூடாது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு குளிர்சாதன அறைக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு வாய்த்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கணினி, பதிலில் தனி ஆட்களின் பெயர்களை மறைக்க ஒரு கறுப்புப் பேனா. அந்தப் பேனாவைக் கையில் எடுத்தால் மட்டும் அவளுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

கேட்பதெல்லாம் அநேகமாகத் தாமதக் கட்டணத்தைப் பற்றித்தான். என் பிள்ளை எடுக்காத புத்தகத்துக்கு ஏன் கட்டணம் போட்டீர்கள், பெரிய அதிகாரி வீட்டில் கிடக்கும் புத்தகங்கள் எப்போது திரும்பும், எந்தக் கிளையில் பாக்கி அதிகம் என்று கேட்பார்கள். ஒரு புண்ணியவான் வருஷா வருஷம், வாசிப்பு அறையில் எத்தனை மின்விசிறி சுற்றுகிறது, எத்தனை சுற்றவில்லை என்று கேட்பான். அவனுக்கும் ஏணி போட்டுப் பார்க்கச் சொல்லி ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கிறாள்.

அன்றைக்கு வந்த மனு கோடு போட்ட தாளில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்படி எழுதப்பட்டிருந்தது. யாரும் கேட்காமலே தொழில் என்று போட்டு, லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்று எழுதியிருந்தார். விஷயம் இதுதான். அவர் மனைவி இறந்தபோது அவள் பெயரில் சில புத்தகங்கள் வீட்டில் இருந்தன. காரியமெல்லாம் முடிந்து அவற்றைத் தலைமை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கட்டணம் ஏறியிருந்தது. இறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்கள். அது இன்னும் கைக்கு வரவில்லை என்றார். அப்படியானால் கட்டுங்கள் என்றார்கள், கட்டினார். ரசீதில் மனைவியின் பெயரைப் போட்டு, கீழே ‘நன்றி, மீண்டும் வருக’ என்று அடித்துக் கொடுத்தார்கள். ஆகவே இதுவரை யார் யாருக்குக் கட்டணம் தள்ளுபடி செய்திருக்கிறீர்கள், எந்தக் கிளையில், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக என்ற விவரம் வேண்டும் என்று முடித்திருந்தார்.

“அடப் பாவிகளா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். எல்லா ரசீதிலும் அந்த வரி தானாக அடித்துக்கொண்டு வரும். அதை யாரும் நினைத்துப் போடுவதில்லை. நினைக்காமல் செய்ததுதான் ஆளை இப்படிச் சுட்டிருக்கிறது.

கணினியில் தள்ளுபடி செய்ய ஒரே ஒரு வழிதான் உண்டு. ‘மரணம்’ என்ற பட்டனை அழுத்த வேண்டும். செத்தது உறுப்பினரா, அவருடைய மனைவியா, தாயா, மாமியாரா என்று அடுத்தாற்போல் கேட்கும். சொன்னதும் கட்டணம் காணாமல் போய்விடும். தலைமை நூலகத்தில் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பட்டனைத் தொட மாட்டார்கள். சின்னக் கிளைகளில் கவுண்டரில் இருப்பவர் சொன்னதுதான் சான்றிதழ்.

பட்டியலை எடுத்தாள். பெரும்பாலான கிளைகளுக்கு ஓரிரண்டு வரி. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. பாலத்தடிக் கிளை வந்ததும் அச்சு இயந்திரம் நிற்கவே மாட்டேன் என்றது. தாய், தந்தை, மனைவி, மாமியார், மறுபடி தாய். கொள்ளை நோய் வந்த ஊரில்கூட இப்படி வரிசையாகச் செத்திருக்க மாட்டார்கள். ஒரு பெண்ணுடைய மாமியார் நாலு தடவை செத்திருந்தார். நாலாவது சாவு போன மாதம்தான்.

தகவல் அக்கா தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். பாலத்தடிக் கிளையில் கவுண்டரில் இருப்பது ஒரே ஆள், அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பு வேலை பார்த்த கம்பெனியை ஒரே நாளில் இழுத்து மூடியபோது அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவன்தான், ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே வரவில்லை. தாடி வளர்ந்தது, பேச்சு நின்றது. அவள் தட்டில் சாப்பாடு போட்டுக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருந்தால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். ஒரு சமயம் தச்சரைக் கூப்பிட்டுக் குளியலறையின் உள் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாள். ஏன் என்று தச்சர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்புறம் யார் யார் காலையோ பிடித்து இந்தக் கவுண்டர் வேலையை வாங்கிக் கொடுத்தாள். முதல் நாள் அவனே கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டான். இரண்டாம் மாதம் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே திரும்ப மாட்டினான். இந்த வேலை போனால் தம்பி போனான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பட்டியலைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் பிடித்துப் பாலத்தடிக்குப் போனாள். மேலே லாரி போகும்போதெல்லாம் அலமாரிகள் கடகடவென்று ஆடும் இடம் அது. உள்ளே உட்கார இடமில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், இரவுக் காவலாளிகள், பள்ளிவிட்ட பிள்ளைகள் என்று தரையெல்லாம் ஆட்கள். தலைமை நூலகத்தில் ஈ ஓட்டுகிறார்கள், இங்கே திருவிழாக் கூட்டம்.

“வா அக்கா, என்ன இந்தப் பக்கம்? டீ சொல்லட்டுமா?” என்றான் தம்பி.

“ஊரையே கொன்னு போட்டுட்டு டீ வேற சொல்றியா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டியலை மேசைமேல் போட்டாள்.

பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. “யாரையும் கொல்லலை அக்கா. பட்டனைத்தான் அழுத்தினேன்.”

“மாமியாரை நாலு தடவை அழுத்தியிருக்கியே, மண்டையில ஏதாவது இருக்கா உனக்கு?”

“அந்த அம்மாவேதான் சொன்னாங்க, என் பேரை எத்தனை தடவை வேணும்னாலும் போட்டுக்கோ, மருமக படிச்சாப் போதும்னு. அதோ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாங்க பாரு.”

செத்துப்போன மாமியார் தலையை நிமிர்த்தி, இவளைப் பார்த்துச் சிரித்தார். தகவல் அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

“அக்கா, ஃபைன் ஏறிடுச்சுன்னா இவங்க உள்ளேயே வர மாட்டாங்க,” என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. “வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. அந்த மாதிரி நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மெஷின்ல வேற வழி இல்லையே, நான் என்ன பண்ண? கஷ்டம்னு ஒரு பட்டன் வச்சிருந்தாங்கன்னா நான் அதை அழுத்தியிருக்க மாட்டேனா?”

அவள் பட்டியலைத் திரும்பச் சுருட்டினாள்.

“ஆனா ஒண்ணு. குழந்தைன்னு ஒரு வரி இருக்கு. அதுல மட்டும் கை வைக்கலை,” என்றான், ஏதோ நியாயம் சொல்கிறவன் மாதிரி.

மேசைக்குத் திரும்பி வந்து யோசித்தாள். வீட்டுச் சாவு சொந்த விஷயம், தர முடியாது என்று எழுதலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. எழுதினால் அந்த லிஃப்ட்காரர் சும்மா இருப்பாரா? மேல்முறையீடு போடுவார். அப்போது பட்டியல் பெயரோடு மேலிடத்துக்குப் போகும். நாலு தடவை செத்த மாமியாரை அங்கே ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்கள். அதைவிடப் பேசாமல் கொடுத்துவிடுவதே மேல். பெயரையும் உறுப்பினர் எண்ணையும் மறைத்துவிட்டால் நாலு தடவை செத்தவர் நாலு மாமியாராகிவிடுவார். யாருக்குத் தெரியப்போகிறது?

கறுப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக மறைத்தாள். கேட்ட தகவல் கேட்டபடி, கெடுவுக்குள். அவளாக ஒரு எழுத்துப் பொய்கூட எழுதவில்லை. அதைத் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

பதில் போய்ச் சில நாள் கழித்து லிஃப்ட்காரர் நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியான ஆள். தோளில் ஸ்பேனர் பை, நகக்கண்ணில் கிரீஸ், சட்டைப் பையில் மடித்து மடித்து நைந்துபோன பட்டியல். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேம்மா,” என்றார் அவர். “ரொம்ப நன்றி.”

“எதுக்கு நன்றி? கேட்டீங்க, கொடுத்தோம்.”

“கோவத்துல போட்ட மனும்மா அது. எவனோ பெரிய இடத்துப் பிள்ளைக்குத் தள்ளுபடி பண்ணியிருப்பீங்க, பிடிச்சு நாலு வார்த்தை கேட்கணும்னு இருந்தேன். வந்ததைப் பார்த்தா...” பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார். மனைவி, மனைவி என்று வந்த வரிகளுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். “பாலத்தடியில மட்டும் எத்தனை வீட்டுல சாவு விழுந்திருக்கு பாருங்க. யாராவது பேசினாங்களா? ஒருத்தரும் வெளியில சொல்லலை. உலகத்துல எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

தகவல் அக்கா மேசைமேல் கிடந்த கறுப்புப் பேனாவை எடுத்து உள்ளே வைத்தாள்.

“சாப்பாடு இறங்காதப்போ இதை எடுத்து வச்சுப்பேன். இந்த ஆளும் இப்போ தனியாத்தானே உட்கார்ந்து சாப்பிடுவான்னு நினைச்சா ரெண்டு வாய் உள்ள போகும். சிரிக்காதீங்க.”

“சிரிக்கலைங்க.”

அவர் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். “இது பாருங்க. என் வீட்டுக்காரி போன அதே வாரம். பாலத்தடி, மனைவி. பேரு வேண்டாம்மா, சட்டம் எனக்குத் தெரியும். ஆனா இந்த ஆளை ஒரு தடவை பார்க்கணும்னு இருக்கு. அங்க போய் உட்கார்ந்தா என்னைக்காவது ஒரு நாள் வருவார் இல்ல?”

இப்போது சொல்லிவிட வேண்டும். அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் மனைவி இந்நேரம் எங்கேயோ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள் என்று சொல்லிவிட வேண்டும். சொல்ல வாயெடுத்தாள். கூடவே குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்த ஆணி ஓட்டைகளும் கண்முன் வந்தன.

“போங்க,” என்றாள். “ஆனா அங்க யார்கிட்டயும் எதுவும் கேட்காதீங்க.”

“சேச்சே, துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட போய்க் கேள்வி கேட்பாங்களா?” என்று கைகூப்பிவிட்டுப் போனார். அவருக்கு அவள்மேல் எவ்வளவு மரியாதை! அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் தம்பி சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் பேச்சுதான். புதிதாக ஒரு பெரியவர் வருகிறாராம், சாயங்காலம் ஆனால் வந்து உட்கார்ந்துவிடுவாராம், ஓடாத மின்விசிறியை அவராகவே கழற்றிச் சரிசெய்து கொடுத்தாராம்.

“எல்லாரையும் அப்படிப் பிரியமாப் பார்க்கிறார் அக்கா. யார் வந்தாலும் எழுந்து இடம் விடுறார். தங்கமான மனுஷன்,” என்றான் தம்பி.

“அவர்கிட்ட ரொம்பப் பேச்சு வச்சுக்காதே.”

“ஏன்?”

“சொன்னாக் கேளு.”

அவனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி பயந்து சுருண்டுவிடுவானோ என்று பயம். இப்படித் தம்பிக்காக அவரிடமும், தம்பிக்காகவே தம்பியிடமும் வாயை மூடிக்கொண்டே நாளைக் கடத்தினாள். எப்படியாவது ஓடிவிடும் என்று நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்ய?

ஓடவில்லை. ஒரு சாயங்காலம் ஒரு காவலாளி, காக்கிச் சட்டையோடு வந்து, சமையல் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். இரவெல்லாம் விழித்த களைப்பு. லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். ஆம்பிளை தனியாக வந்து சமையல் புத்தகம் எடுத்துப்போயிருக்கிறான், முகத்தில் தூக்கமில்லை. இவன்தான் அந்த ஆள் என்று முடிவு கட்டிவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் தோளில் கையை வைத்தார்.

“தைரியமா இருங்க. எனக்கும் அதே வாரம்தான்,” என்றார்.

“என்ன வாரம்?” என்றான் காவலாளி, திடுக்கிட்டு விழித்து.

“உங்க வீட்டம்மா தவறின வாரம்.”

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். “யாரு தவறினது? இவரு யாருங்க?” என்றாள்.

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார். ஆள் மாறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அவர் தப்பித்திருப்பார். கவுண்டரில் இருந்தவன் அதற்குள் எழுந்து வந்துவிட்டான். அவனுக்குப் பட்டன் அழுத்தத்தான் வரும், முகத்துக்கு நேரே பொய் சொல்ல வராது. இது என்ன தம்பி என்று அவர் பட்டியலை நீட்டிக் கேட்டதும், ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். இதில் எதுவுமே நடக்கவில்லை ஐயா, யாருமே சாகவில்லை, ஃபைன் போவதற்காக நான் போட்டது என்றான். அந்தத் தேதியில் இந்தக் காவலாளியின் மனைவி என்று போட்டதும் நான்தான் என்று அதையும் சேர்த்துச் சொன்னான்.

லிஃப்ட்காரர் கத்தவில்லை. பட்டியலை மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கத்தியது காவலாளிதான். கல்லு மாதிரி இருக்கிற என் பொண்டாட்டியைச் செத்துட்டான்னு எழுதி வச்சிருக்கியா, இனி அவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாருடா பொறுப்பு என்று வாசல் அதிரக் கத்தினான். கட்டணத்தைத் தூக்கிவிட்டது அவனுக்குத்தான். மறுநாள் தலைமை அலுவலகத்தில் புகார் கொடுத்ததும் அவன்தான்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. விசாரணை என்று பாலத்தடிக் கிளையைப் பூட்டினார்கள். தம்பியை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவனுக்காக யாராவது பேச மாட்டார்களா என்று அவள் பார்த்தாள். தினமும் அங்கே உட்கார்ந்து படித்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மாமியார் மட்டும் தலைமை அலுவலகம் வரை வந்து, நான் உயிரோடதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் வருத்தமில்லைன்னு எழுதித் தர்றேன் என்று நின்றார். அது எடுபடவில்லை.

தம்பி அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

“டேய், ஒரு வாய் சாப்பிடுடா. நான் வேற என்ன கேட்டேன் உன்கிட்ட?” என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினாள். பதில் வரவில்லை. தட்டு வைத்தபடியே ஆறிக் கிடந்தது. இந்தத் தடவை தச்சரைக் கூப்பிடவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, குளியலறைத் தாழ்ப்பாளைத் தானே கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்குத்தான் இரண்டாவது மனு வந்திருந்தது. அதே கோடு போட்ட தாள், அதே தனித்தனி எழுத்து. பட்டியலில் இருந்த யாரும் சாகவில்லை என்று அறிந்துகொண்டேன், யார்மேலும் எனக்குப் புகார் இல்லை. என் மனைவி இறந்தது உங்கள் பதிவில் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் தரவும். அவ்வளவுதான் கேட்டிருந்தார்.

அந்த அம்மாளின் உறுப்பினர் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். கட்டணத்தை அவர் கட்டிவிட்டதால் தள்ளுபடிக்கு வேலையில்லாமல் போயிருந்தது. தள்ளுபடி இல்லையென்றால் மரணமும் இல்லை. பாக்கி இல்லாத உறுப்பினர் என்பதால் அட்டையைக் கணினி தானாகவே புதுப்பித்திருந்தது.

இப்போதாவது ஏற்றிவிடலாம், அந்த ஒன்றையாவது உண்மையாக எழுதிவிடலாம் என்று தேடினாள். பட்டன் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஓடிப்போய் மேலாளரைக் கேட்டாள்.

“அந்த வழியையே எடுத்தாச்சும்மா, உங்க தம்பி புண்ணியத்துல,” என்றார் அவர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல். “இனிமே நம்ம நூலகத்துல யாரும் சாக முடியாது.”

“இது நிஜம் சார். நிஜமாவே செத்துப்போனவங்க.”

“பதிவுல என்ன இருக்கோ அதைக் கொடுங்க. உங்களுக்கு நான் சட்டம் சொல்லித் தரணுமா?”

வேண்டாம், அவளுக்குத் தெரியும். மேசைக்கு வந்து உட்கார்ந்து பதிலை அடித்தாள். தாங்கள் கோரிய உறுப்பினர் நடப்பில் உள்ளார். அவர் பெயரில் பாக்கி ஏதும் இல்லை. நகல் இணைக்கப்பட்டுள்ளது. முதல் வரியை அழித்துப் பார்த்தாள், வேறு எப்படி எழுதினாலும் அது அதுவாகவே வந்தது.

நகலை அச்சிட்டாள். அடியில் கணினி வழக்கம்போல் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று அடித்துத் தள்ளியது. கறுப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும், காகிதம் ஊறும்வரை திரும்பத் திரும்ப மறைத்தாள். மை காயவில்லை, கையெல்லாம் அப்பிக்கொண்டது. எதை மறைத்தீர்கள் என்று கேட்டு அவர் இன்னொரு மனுப் போடுவார். வந்தால் அதற்கும் கெடுவுக்குள் பதில் எழுதியாக வேண்டும்.